கிண்ணத்தில் இருந்தது எது? திராட்சரசம் பற்றிய திருச்சபையின் நீண்ட வழக்கு

எமது விடுதியில் திருவிருந்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை மாலைகளுக்கு ஒரு தனி வாசனை உண்டு. மேற்றன் அக்கா முந்திரிகை வற்றலைக் கழுவி, ஊறவைத்து, காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடித்தெடுப்பார். சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் சிறுமிகளுக்கு அடியில் எஞ்சிய சக்கையில் ஆளுக்கொரு பிடி கிடைக்கும். மறுநாள் ஆலயத்தில் அந்தச் சாறே சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் எம்மிடம் வரும். அது திராட்சரசம் என்றுதான் எமக்குச் சொல்லப்பட்டது. நாமும் வேறெதுவும் கேட்டதில்லை.

திடப்படுத்தல் பெற்ற ஆண்டில் வேறொரு சபையின் ஆலயத்துக்குப் பாடற்குழுவாகச் சென்றோம். அங்கே ஒரே பெரிய பாத்திரம் வரிசையாக எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த தோழி பாத்திரம் கிட்ட வந்ததும் முகத்தைத் திருப்பி, உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். “கர்த்தருடைய பாத்திரத்தை மறுப்பதா?” என்று பின்னர் பெரியவர் ஒருவர் அவளைக் கடிந்துகொண்டார். அவள் பதில் சொல்லவில்லை. அன்றிரவு படுக்கையில் என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னாள். இரவில் அப்பா வீடு திரும்பும்போது அவரிடமிருந்து வரும் மணத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த மணம் அந்தப் பாத்திரத்திலிருந்து வந்ததாம்.

இது நடந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. நூற்றாண்டு விழாச் செய்தியோடு கனடாவிலுள்ள அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய கதைகளுக்கு நடுவே அவள் திடீரென்று கேட்டாள்: “அண்டைக்கு நான் செய்தது பிழையோடி? நீ சரித்திரம் படிச்சனீ, சொல்லு.”

அன்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். இந்தக் கட்டுரை அவளுக்குரிய பதில். எம் மாணவியர் பலருக்கும் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கேள்வி இருந்திருக்கும் என்பதால் மலரில் எழுதுகிறேன்.

ஒரு சொல், இரு பொருள்

முதலில் எமது மொழியில் உள்ள ஒரு மயக்கத்தைத் தீர்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் பழத்தை முந்திரிகை என்போம். வேதாகமத்தில் அது திராட்சையாகிறது, அதன் பானம் திராட்சரசமாகிறது. இரசம் என்றால் சாறு. எனவே திராட்சரசம் என்று வாசிக்கும் தமிழ்ப் பிள்ளையின் மனதில் பழச்சாறே தோன்றும். புளித்து வெறியூட்டும் பானம் தோன்றாது.

மூலமொழிகளில் இந்த வசதி இல்லை. பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் வரும் எபிரேயச் சொல் ‘யாயின்’. புதிய ஏற்பாட்டில் வரும் கிரேக்கச் சொல் ‘ஓய்னொஸ்’. இரண்டும் புளிக்கவைத்த திராட்சை மதுவையே வழக்கமாகக் குறிப்பன. மனிதனின் இருதயத்தை மகிழ்விக்கும் கொடையாக 104ஆம் சங்கீதம் போற்றுவது யாயினை. கிண்ணத்தில் சிவந்து மின்னும்போது அதைப் பார்க்கவும் வேண்டாம் என்று நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் எச்சரிப்பதும் அதே யாயினைத்தான். தமிழில் பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு சங்கீதத்தில் ‘திராட்சரசம்’ என்றும் நீதிமொழியில் ‘மதுபானம்’ என்றும் எழுதுகிறது. கானாவூர்க் கலியாணத்தில் திராட்சரசமாக இருக்கும் ஓய்னொஸ், எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் மதுபானமாகிறது.

மொழிபெயர்த்தோர் திட்டமிட்டு எதையும் மறைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நோவா குடித்து வெறிகொண்ட இடத்தில் அவர்களே திராட்சரசம் என்றுதான் எழுதினார்கள். ஆயினும் நல்ல இடத்தில் ஒரு சொல்லும் தீய இடத்தில் இன்னொரு சொல்லும் வரும்போது, அவை இரண்டு வேறு பானங்கள் என்ற எண்ணம் வாசிப்பவரிடம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த எண்ணம் ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒரு கொள்கையாகவே வளர்ந்தது. வேதம் புகழும் இடங்களில் புளிக்காத சாறும், கண்டிக்கும் இடங்களில் புளித்த மதுவும் குறிக்கப்படுவதாக மதுவிலக்கு அறிஞர் சிலர் வாதிட்டனர்.

அந்த வாதம் வரலாற்றின் முன் நிற்பது கடினம். முந்திரிகைப் பழத்தின் தோலிலேயே நொதியம் இருக்கிறது. பிழிந்த சாறு வெப்பமான நாட்டில் ஓரிரு நாட்களில் தானாகவே புளிக்கத் தொடங்கும். பலஸ்தீனத்தில் அறுவடை கோடையின் முடிவில், பஸ்கா வசந்த காலத்தில். இடையில் ஆறு மாதங்கள் பழச்சாற்றைப் புளிக்காமல் அப்படியே வைத்திருக்க அக்காலத்தாருக்கு எளிய வழி இருக்கவில்லை. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே சிலர் வெறித்திருந்தார்கள் என்று பவுல் கடிந்துகொள்கிறார். சாற்றைக் குடித்து எவரும் வெறிப்பதில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்கால மக்கள் மதுவைப் பெரும்பாலும் தண்ணீர் கலந்தே பருகினார்கள். கிரேக்கரும் ரோமரும் கலப்பில்லாமல் குடிப்பதை அநாகரிகமாகக் கருதினர். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறிஸ்தவ வழிபாட்டை விவரித்த யுஸ்தீன், அப்பத்தோடு கொண்டுவரப்படுவது தண்ணீர் கலந்த திராட்சரசம் என்கிறார். இன்றைய போத்தல்களின் வலிமையை அந்தக் கிண்ணத்தில் ஏற்றிப் பார்ப்பதும் தவறு.

தண்ணீரா, இரசமா?

மதுவை முற்றாக விலக்கவேண்டும் என்ற குரல் திருச்சபையில் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே சில குழுவினர் இறைச்சியையும் மதுவையும் திருமணத்தையும் சேர்த்து விலக்கினார்கள். திருவிருந்திலும் தண்ணீரையே பயன்படுத்தினார்கள். படைக்கப்பட்ட பொருளையே தீயதெனக் கருதுவது படைத்தவரைப் பழிப்பதாகும் என்று பெரும்பான்மைச் சபை அவர்களுக்கு மறுமொழி கூறியது.

மூன்றாம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் தண்ணீர் மட்டும் வைக்கும் வழக்கத்தைக் கண்டித்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அவர் காட்டும் காரணங்களுள் ஒன்றை வாசித்தபோது எனக்கு என் தோழியின் நினைவு வந்தது. துன்புறுத்தலின் காலம் அது. காலை வழிபாட்டில் மதுவைப் பருகினால் மூச்சின் மணமே தம்மைக் கிறிஸ்தவரெனக் காட்டிக் கொடுத்துவிடும் என்று சிலர் அஞ்சினார்களாம். கிறிஸ்துவின் இரத்தத்துக்கு வெட்கப்படுபவர் அவருக்காக எப்படி இரத்தம் சிந்துவார் என்ற பொருள்படச் சிப்பிரியான் கேட்கிறார். அவரும் 258இல் இரத்தசாட்சியாக மரித்தவர்.

மறுபுறம் மிதமென்பது என்ன என்பதையும் சபைத் தந்தையர் விளக்க முயன்றனர். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, இளையோர் மதுவை விட்டு விலகியிருப்பது நன்று, முதியோர் மாலைவேளையில் அளவோடு பருகலாம் என்றார். பொன்வாய் எனப் பெயர்பெற்ற யோவான் கிறிசோஸ்தோம், மது கடவுளின் படைப்பு, வெறி பிசாசின் வேலை என்று வேறுபடுத்தினார். ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்கு ஒழுங்கு எழுதிய பெனடிக்ட், மது துறவிகளுக்கு ஏற்றதன்று என்று வாசிக்கிறோம், ஆனால் இக்காலத் துறவிகளை அதை நம்பவைக்க முடியாது, எனவே குறைவாகக் குடிப்பதற்காவது இணங்குவோம் என்ற கருத்தில் எழுதி, நாளுக்கு ஒரு ‘ஹெமினா’ என அளவு குறித்தார். ரோம அளவில் அது கால் லீற்றருக்குச் சற்று மேல். முற்றாகத் தவிர்க்கும் வலிமையைக் கடவுள் யாருக்குத் தருகிறாரோ அவருக்குத் தனிப் பலன் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார்.

மொனிக்காவின் கிண்ணம்

இந்த வரலாற்றில் ஒரு பெண்பிள்ளையின் கதை உண்டு. அதைச் சொல்பவர் அவளுடைய மகன் அகுஸ்தீன்.

மொனிக்கா சிறுமியாக இருந்தபோது வீட்டில் பிள்ளைகளை வளர்த்த முதிய பணிப்பெண் மிகவும் கண்டிப்பானவள். சாப்பாட்டு வேளைக்கு வெளியே தண்ணீர் குடிக்கவும் அவள் விடுவதில்லை. இன்று கையில் மது இல்லாததால் தண்ணீர் குடிக்கிறீர்கள், நாளை மணம் முடித்துக் களஞ்சியச் சாவி கைக்கு வந்ததும் குடிக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் என்பது அவளுடைய நியாயம். ஆனால் பீப்பாயிலிருந்து மது மொண்டுவரப் பெற்றோர் அனுப்புவது மொனிக்காவைத்தான். மதுவில் ஆசை இல்லாமலே, சிறுபிள்ளைக் குறும்பில், ஊற்றுமுன் உதட்டு நுனியால் ஒரு துளி நனைத்துப் பார்த்தாள். துளி நாளடைவில் மிடறாகி, பின் சிறு கிண்ணங்கள் நிரம்பக் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் கூடச் செல்லும் வேலைக்காரச் சிறுமி சண்டையில் அவளைக் குடிகாரி என்று இகழ்ந்தாள். அந்தச் சொல் தைத்தது. அன்றோடு மொனிக்கா விட்டுவிட்டாள்.

வயதான காலத்தில் மிலான் நகரில் இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்கு ஆபிரிக்க வழக்கப்படி அப்பமும் மதுவும் கொண்டுசென்றபோது, ஆயர் அம்புரோஸ் அதைத் தடுத்திருப்பதாக வாயில்காப்பாளன் சொன்னான். குடிப்போருக்கு அது சாட்டாகிவிடும் என்பதும், புறமதத்தாரின் நீத்தார் சடங்கை ஒத்திருக்கிறது என்பதும் ஆயரின் காரணங்கள். மொனிக்கா கொண்டுசெல்வதோ தண்ணீர் கலந்த ஒரேயொரு சிறு கிண்ணம். எத்தனை கல்லறை இருந்தாலும் அதையே பலரோடு பகிர்ந்துகொள்வாள். அவளிடம் பிழை ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் பிறருக்காக அதை மகிழ்ச்சியோடு விட்டுவிட்டாள் என்று மகன் எழுதுகிறார்.

ஒரே வாழ்க்கையில் இருமுறை விடுகிறாள். முதலில் தன் நன்மைக்காக, பின்னர் மற்றவர் நன்மைக்காக. திருச்சபை பின்னால் பேசவேண்டியிருந்ததெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் இதனை முறைப்படுத்தினார். மது பருகுவது இயல்பில் பாவமன்று. ஆனால் நான்கு நிலைகளில் அது தகாததாகலாம்: குடிப்பவரின் உடலோ மனமோ அதைத் தாங்காதபோது, விலக்குவதாக நேர்ந்துகொண்டபோது, அளவு மீறும்போது, மற்றவருக்கு இடறலாகும்போது. தெளிவான பகுப்புத்தான். அதே இடத்தில் அவர், இளைஞருக்கும் பெண்களுக்கும் தெளிந்த மனக்கட்டுப்பாடு சிறப்பாகத் தேவை என்கிறார். பெண்களைச் சேர்த்ததற்குச் சொன்ன காரணம், ஆசையை எதிர்க்கும் மனவலிமை அவர்களிடம் போதாதென்பது. இதை வாசகியர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆறு நூற்றாண்டு கழித்து வரலாறு அதற்குப் பதில் சொல்லும்.

சீர்திருத்தக் காலமும் மதுவை விலக்கவில்லை. மார்ட்டின் லூதரின் மனைவி கத்தரீனா வீட்டிலேயே பியர் காய்ச்சினார். ஜெனீவாவில் கல்வினுக்கு நகரசபை வழங்கிய ஊதியத்தில் பணத்தோடு கோதுமையும் திராட்சை மதுவும் அடங்கின. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய யோன் வெஸ்லி 1743இல் வகுத்த விதிகளில் வெறியையும், வடித்தெடுத்த கடும் மதுவகைகளை வாங்குதல் விற்றல் பருகுதலையும் தடுத்தார். மிக அவசியமான நிலைக்கு மட்டும் விலக்களித்தார். திராட்சை மதுவையும் பியரையும் அந்த விதி தொடவில்லை.

சாராயம் வந்தபின்

வெஸ்லி கடும் மதுவைப் பிரித்துச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மொனிக்காவின் காலத்தில் வடித்தெடுத்த சாராயம் மக்களின் அன்றாடப் பானமாக இருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் ஏழைகளிடையே மலிவான ஜின் பெரும் அழிவைச் செய்தது. அமெரிக்காவில் ரம்மும் விஸ்கியும் பெருகின. 1830 அளவில் அங்கே வயதுவந்த ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 கலன் தூய மதுசாரம் அருந்தியதாக வரலாற்றாசிரியர் கணித்துள்ளனர். பழைய மிதம் பற்றிய போதனை இந்த வெள்ளத்துக்கு அணைகட்டப் போதவில்லை.

நியூ இங்கிலாந்தின் கொங்கிரிகேஷனல் சபைப் போதகர் லைமன் பீச்சர் 1825இல் மதுவெறிக்கு எதிராக ஆறு பிரசங்கங்கள் செய்தார். அடுத்த ஆண்டு பொஸ்ரன் நகரில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. தொடக்கத்தில் உறுதிமொழி சாராய வகைகளுக்கு எதிராக மட்டுமே எடுக்கப்பட்டது. 1832இல் இங்கிலாந்தின் பிரெஸ்ரன் நகரில் யோசப் லிவ்சியும் தோழர்களும் பியரையும் திராட்சை மதுவையும் சேர்த்து முற்றாக விலக்கக் கையொப்பமிட்டனர். 1836இல் அமெரிக்காவின் தேசிய மதுவிலக்கு ஒன்றியமும் அதே நிலையை ஏற்றது. பத்தே ஆண்டுகளில் மிதம் என்ற பழைய நிலை, முழுவிலக்கு என்ற புதிய நிலைக்கு இடம்விட்டது.

யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்து, உடுவிலில் 1824இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் இந்த உலகத்திலிருந்தே புறப்பட்டவர்கள். அவர்களை அனுப்பிய சங்கத்தின் தலைமையகம் அதே பொஸ்ரன். முதலில் வந்தவர்கள் முழுவிலக்குக் கொள்கைக்கு முந்திய தலைமுறையினர். பின்னர் வந்தவர்களோ அதிலேயே வளர்ந்தவர்கள். ‘கிறிஸ்தவர் குடிக்கமாட்டார்’ என்று எமது பாட்டிமார் சொன்னது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய போதனை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது அவர்களுடைய பாட்டிமாரின் காலத்துப் புதுமை என்று அறிந்தபோது வியந்துபோனேன்.

பல்வைத்தியரின் போத்தல்

முழுவிலக்கு உறுதிமொழி எடுத்தவர்கள் ஞாயிறன்று திருவிருந்தில் மதுவை அருந்துவதெப்படி? இந்தக் கேள்வி பல சபைகளை அலைக்கழித்தது. குடியை அரும்பாடுபட்டு விட்ட ஒருவருக்கு அந்த ஒரு மிடறே மீண்டும் வீழ்ச்சியாகலாம் என்ற அச்சம் உண்மையானது.

விடை ஒரு பல்வைத்தியரிடமிருந்து வந்தது. நியூ ஜேர்சி மாநிலம் வைன்லண்ட் என்ற ஊரின் மெதடிஸ்த ஆலயத்தில் திருவிருந்துப் பொருட்களைக் கவனித்தவர் தோமஸ் பிராம்வெல் வெல்ச். பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்ரர் சூட்டினால் நொதித்தலை நிறுத்தலாமென்று காட்டியிருந்தார். வெல்ச் 1869இல் வீட்டுச் சமையலறையில் கொன்கோட் இனத் திராட்சையின் சாற்றை வடித்து, போத்தலில் அடைத்து, போத்தலோடு நீரில் சூடாக்கினார். சாறு புளிக்கவில்லை. ‘புளிக்காத திராட்சரசம்’ என்ற பெயரில் ஆலயங்களுக்கு விற்க முயன்றார். ஆரம்பத்தில் வரவேற்பு குறைவு. பின்னர் மகன் சார்ள்ஸ் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தார். இன்று கடைகளில் வெல்ச் என்ற பெயரில் விற்கும் பழச்சாறு திருவிருந்து மேசைக்காகப் பிறந்தது.

தனித்தனிச் சிறு கிண்ணங்கள் 1890களில் அமெரிக்காவில் பரவின. அதற்குப் பெருங்காரணம் காசநோய் முதலிய கிருமிகள் பற்றிய அச்சம். மேற்றன் அக்காவின் வெள்ளைத் துணிக்கும் எமது கண்ணாடிக் கிண்ணங்களுக்கும் பின்னால் ஒரு பல்வைத்தியரும் கிருமியியலும் இருந்தமை அன்று எமக்குத் தெரியாது.

பெண்கள் எழுந்தபோது

எனினும் மதுவிலக்கை உலக இயக்கமாக்கியவர்கள் பெண்கள். மனவலிமை போதாதவர் எனப்பட்ட அதே பெண்கள்.

1873 டிசம்பரில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரில் எலைசா தொம்சன் என்ற அம்மையார் தலைமையில் பெண்கள் ஆலயத்திலிருந்து வரிசையாகப் புறப்பட்டு, சாராயக் கடைகளுக்குச் சென்று முழந்தாளிட்டு ஜெபித்தனர். உள்ளே விடாத கடைகளுக்கு முன்னால் பனியிலே முழந்தாளிட்டனர். சில மாதங்களில் பல மாநிலங்களுக்கு இது பரவியது. 1874இல் கிளீவ்லண்ட் நகரில் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் அமைந்தது. வெள்ளை நாடா அவர்களின் அடையாளம்.

அவர்களை உந்தியது இறையியல் வாதம் மட்டுமல்ல. அக்காலத்தில் பெண்ணுக்கு வாக்கு இல்லை. பிரசங்கபீடம் பெரும்பாலும் இல்லை. கணவன் கூலி முழுவதையும் குடித்துவிட்டு வந்து அடித்தாலும் சட்டத்தில் அவளுக்குக் கிடைத்த பாதுகாப்பு சொற்பம். மிதமாகக் குடிப்பது பாவமா என்று ஆண்கள் நூற்றாண்டுகளாக வினவியது குடிப்பவரின் ஆன்மாவைப் பற்றி. அந்தக் குடியோடு வாழ்பவரின் பக்கத்திலிருந்து பெண்கள் அதே கேள்வியை எழுப்பினார்கள்.

1879 முதல் 1898இல் மறையும்வரை சங்கத்துக்குத் தலைமைதாங்கிய பிரான்சஸ் வில்லார்ட் ஒரு கல்லூரித் தலைவியாக இருந்தவர். ‘வீட்டுப் பாதுகாப்பு’ என்ற பெயரில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். வீட்டை விட்டு வெளியே வர அஞ்சிய பெண்களையும் அந்தப் பெயர் வெளியே கொண்டுவந்தது. சங்கம் நாடுகடந்து பரவியது. நியூசிலாந்தில் அதன் முன்னணியாளரான கேற் செப்பர்ட் திரட்டிய 1893ஆம் ஆண்டு மனுவில் சுமார் 32,000 பெண்கள் கையொப்பமிட்டனர். அதே ஆண்டு அந்நாடு பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. தன்னாட்சியுள்ள நாடுகளில் அதுவே முதலாவது. எமது நாட்டுப் பெண்கள் 1931இல் வாக்களித்தபோது அந்த நீண்ட பாதையின் ஒரு கிளை திருவிருந்துக் கிண்ணத்தினருகே தொடங்கியிருந்தது.

இயக்கத்தின் மறுபக்கம்

நூற்றாண்டு மலரில் புகழ்ச்சியை மட்டும் எழுதுவது வழமை. வரலாற்று ஆசிரியையாக இருந்தவள் அதோடு நிறுத்தக்கூடாது.

அமெரிக்கா 1920இல் மதுவைச் சட்டத்தால் தடைசெய்தது. கள்ளக்கடத்தலும் குற்றக் கும்பல்களும் பெருகி, 1933இல் சட்டம் நீக்கப்பட்டது. தடைக் காலத்திலும் வழிபாட்டுத் திராட்சரசத்துக்கு விலக்கு இருந்தது. மேலும், இயக்கத்தினரில் பலர் ஐரிஷ், ஜெர்மன், இத்தாலியக் குடியேற்றவாசிகளைக் குடிகாரரென இகழ்ந்தனர். பிறர் பந்தியைத் தாழ்வாகக் காணும் கண் பக்தியின் உடையிலும் வரும்.

எமது நாட்டிலும் அப்படியே. ஆங்கிலேய அரசுக்குச் சாராய வரி பெரும் வருமானமாக இருந்தது. 1912இல் புதிய மதுவரிக் கொள்கையின்கீழ்க் கள்ளுத் தவறணைகள் பெருகவே தென்னிலங்கையில் பௌத்தர் முன்னின்று பெரும் மதுவிலக்குக் கிளர்ச்சி எழுந்தது. யாழ்ப்பாணத்தில் சைவரும் கிறிஸ்தவரும் ஒரே மேடையில் நிற்கக்கூடிய ஒரு சில விடயங்களில் மதுவிலக்கும் ஒன்று. ஆனால் பனையேறிப் பிழைத்தவர்களின் குடும்பங்கள் தவறணை மூடப்பட்டபின் எதை உண்டன என்று மேடையிலிருந்தோர் எத்தனைபேர் கேட்டனர்? குடியைக் கண்டிக்கும் பேச்சு, கள் இறக்கும் மக்களைக் கண்டிக்கும் பேச்சாக மாறியதை நானே கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

வேறு சபையாரையும் நாம் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். கத்தோலிக்க திருச்சபையில் திருப்பலிக்குத் திராட்சைப் பழத்தின் இயற்கையான மதுவே தேவை. தோலகட்டி ஆச்சிரமத் துறவிகள் தயாரித்த முந்திரிகை இரசத்தை யாழ்ப்பாணம் அறியும். அதனால் கத்தோலிக்கர் மதுவிலக்கை அறியாதவர் என்றாகாது. அயர்லாந்தின் கோர்க் நகரில் 1838இல் தியோபால்ட் மத்தியூ என்ற குருவானவர் தொடங்கிய இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் முழுவிலக்கு உறுதிமொழி எடுத்தனர். மதுவுக்கு அடிமைப்பட்டு மீண்ட குருக்கள், நொதித்தல் தொடங்கியவுடன் நிறுத்தப்பட்ட சாற்றை ஆயரின் அனுமதியோடு பயன்படுத்தலாமென்று உரோமாபுரியின் 2003ஆம் ஆண்டுக் கடிதமும் உறுதிப்படுத்துகிறது. பலவீனரை நினைத்து வெல்ச் போத்தலைச் சூடாக்கிய அதே அக்கறை இங்கும் உண்டு.

தோழிக்கு

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

அன்று அந்தப் பாத்திரத்தில் இருந்தது பாவமன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் நன்றியோடு பருகிவரும் திராட்சரசம் அது. அதைக் கொடுத்த சபையும் தவறு செய்யவில்லை. எமது ஆலயத்துச் சாறுதான் உண்மையானது என்றும் வரலாறு சொல்ல விடாது.

ஆனால் நீயும் பிழை செய்யவில்லை. சகோதரன் இடறுவானேயானால் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டுவிடுவதே நல்லதென்று பவுல் உரோமருக்கு எழுதினார். குடிக்கிறவன் குடியாதவனையும், குடியாதவன் குடிக்கிறவனையும் தீர்ப்பிடவேண்டாம் என்பதே அந்த அதிகாரத்தின் போக்கு. அன்று அந்தப் பந்தியில் இடறியது நீ. விட்டுக்கொடுக்கவேண்டியவர்கள் சுற்றியிருந்த நாங்கள். குறைந்தபட்சம் உன்னைக் கடிந்துகொள்ளாமல் ‘ஏன் பிள்ளை?’ என்று ஒருவராவது கேட்டிருக்கவேண்டும். காரணம் தெரிந்த நானும் வாய்திறக்கவில்லை. அந்தப் பிழை எனக்குரியது.

இன்று எம் மாணவியர் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். கலியாண மண்டபங்களில் வாழ்த்துக் கிண்ணம் உயர்த்தப்படும்போது ஒருத்தி பருகுவாள், ஒருத்தி மறுப்பாள். பருகுபவள் எமது பாடசாலையின் வளர்ப்பை மறந்தவள் அல்லள். மறுப்பவள் பழமைவாதியும் அல்லள். அவள் எந்த வீட்டிலிருந்து வந்தாள், இரவில் எந்தக் காலடியோசைக்குப் பயந்து விழித்திருந்தாள் என்பது எமக்குத் தெரியாது. எனவே வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குப் பழச்சாறும் தயாராக இருக்கட்டும். ஏன் குடிக்கவில்லை என்று எவரையும் கேட்கவேண்டாம்.

நூற்றாண்டு நன்றி வழிபாட்டுக்கு நீ வருவதாகச் சொல்லியிருக்கிறாய். மேற்றன் அக்கா இன்று இல்லை. முந்திரிகை வற்றலை இம்முறை நான் காய்ச்சுகிறேன் என்று சங்கத்தாரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பின்னேரமே வந்துவிடு. வடிப்பதற்குத் துணியின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

— பழைய மாணவி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை